நைனாவின் பித்தளை டோக்கன்

என் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிப் பெண், டிசம்பர் விடுமுறைக்கு அமெரிக்காவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்வந்தாள். சாப்பாட்டு வேளையில் போனை நீட்டி நீட்டிப் படம் காட்டினாள். பாலைவனத்தில் ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் ஆளை மறைக்கும் மண் சுவர், நடுவில் ஒற்றையடிப் பாதை, அதில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இவள். இந்த வருஷம் அங்கே குளிரே இல்லையாம். காலையில் கிளம்பிச் சாயங்காலம் வரை நடந்தார்களாம்.

“நீ இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் போயிருக்கியா?” என்று கேட்டாள்.

“போயிருக்கேன். ஒன்பது வயசுல, எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கிட்டு” என்றேன். நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நானும் விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து கோலார் தங்கவயல் திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் ஊரிலும் பாலைவனம் உண்டு. அதை நாங்களே செய்துகொண்டோம் என்பதுதான் வித்தியாசம். நூறு வருஷத்துக்கு மேல் பூமிக்கடியிலிருந்து பாறையை வெட்டிவந்து மாவாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிஞ்சிய தூளை மேடு மேடாகக் கொட்டி வைத்தார்கள். தங்கம் யார் யார் வீட்டுக்கோ போயிற்று. மேடு எங்களுக்கு வந்தது. மழை அதை வருஷா வருஷம் அறுத்து, உள்ளே சந்தும் இடுக்கும் செங்குத்துச் சுவருமாக ஆக்கிவிட்டது. ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்றால் அந்தச் சயனைடு மேடு தெரியும். அந்தப் பக்கம் போனால் காலை ஒடித்துவிடுவேன் என்று அம்மா வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது ஒரு மார்கழி குளிராமலே வந்தது. எங்கள் ஊர் மார்கழி என்றால் பல் கிட்டும். பக்கத்து வீடு பனியில் தெரியாது. அந்த வருஷம் அம்மா பெட்டியிலிருந்து எடுத்த ஸ்வெட்டர்களை அப்படியே திரும்ப உள்ளே வைத்தாள். விடிகாலையில் கோலம் போடும்போதே பெண்களுக்கு வியர்த்தது. பெரியவர்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்து இதென்ன கேடுகாலம் என்றார்கள். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் வானிலையைப் பற்றிப் பேசவில்லை. பொங்கலுக்கு முன்பே நைனா துபாய்க்குப் போவதாக இருந்தது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சுரங்கத்தில் அவர் டிம்பர்மேன். குடைந்த இடத்தில் கூரை இடிந்து தலையில் விழாமல் மரம் முட்டுக்கொடுப்பது அவர் வேலை. சுரங்கத்தை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெங்களூரில் செக்யூரிட்டி வேலை, ஆண்டர்சன்பேட்டையில் மரக்கடை என்று எதையெதையோ செய்து பார்த்தார், எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் துபாயில் கட்டடத்துக்குச் சாரம் கட்ட ஆள் எடுத்தார்கள். பூமிக்கு அடியில் முட்டுக்கொடுத்தவரை ஆகாயத்தில் முட்டுக்கொடுக்கக் கூப்பிட்டார்கள்.

“பாலைவனம் எப்படி இருக்கும் நைனா?” என்று நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு மட்டும் தெரியுமா என்ன. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, “வா பாப்பா, காட்டறேன்” என்றார். காலை ஒடிக்க வேண்டிய அம்மா, எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்தாள். கை கழுவ ஒரு பாட்டில் தண்ணீர் தனியாகக் கொடுத்தாள். “மேட்டுல ஒக்காந்து துன்னாதீங்க. வெளிய வந்து, கைய நல்லா கழுவினு துன்னுங்க” என்று மட்டும் சொன்னாள். அவள் எங்களை இவ்வளவு சுலபமாக விட்டது எனக்கு அப்போது அதிர்ஷ்டமாகத் தெரிந்தது.

உள்ளே போனபின் ஊர் காணாமல் போயிற்று. இருபுறமும் வெளிறிய சுவர், தலைக்கு மேல் ஒரு துண்டு வானம். மார்கழி வெயில் சித்திரை வெயிலாகக் காய்ந்தது. நைனா பழைய சுரங்க பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் ஒரு தடியோடு முன்னால் நடந்தார். திருப்பம் வரும்போதெல்லாம் சுவரைத் தடியால் தட்டிப் பார்த்தார்.

“எதுக்கு நைனா தட்டறே?”

“கீழ அப்படித்தான். கெட்டிப் பாறைன்னா மணி மாதிரி கேக்கும். விட்டுப்போன பாறைன்னா மத்தளம் மாதிரி கேக்கும். அந்த எடத்துல நிக்கக் கூடாது.”

“இது இன்னா சொல்லுது?”

மறுபடி தட்டினார். பொத்தென்று தூள்தான் உதிர்ந்தது. “இது ஒண்ணும் சொல்லாது. அதான் இத நம்பக் கூடாது. சொவர் பக்கம் ஒதுங்காம நடுவுல வா.”

ஓர் இடுக்கைக் காட்டி, சுரங்கத்தில் இது முப்பதாவது லெவல் என்றார். அதற்கடுத்த பள்ளத்தை நாற்பதாவது என்றார். கீழே போகப் போகச் சூடு அதிகம் என்றும், அதற்கு முன்னால் இந்த வெயில் ஒன்றுமே இல்லை என்றும் சொன்னார். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர் அன்று பேசிக்கொண்டே வந்தார். நடுநடுவே எதையோ சொல்லப் போகிறவர் போல நின்று என்னைப் பார்ப்பார். பிறகு, “கால் வலிக்குதா?” என்பார். எனக்கு வலிக்கவில்லை. நான் அந்த மாதிரி சந்தோஷமாக இருந்த நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நிழல் விழுந்த ஒரு அகலமான இடத்தில் உட்கார்ந்தோம். வியர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றித் தடியில் மாட்டி நட்டு வைத்தார். அதன் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவருடைய பித்தளை டோக்கன். வட்டமாக, நம்பர் குத்தி, மாட்ட ஓட்டை வைத்தது. பார்த்துவிட்டுத் திரும்பப் பையிலேயே போட்டார். “வழி எப்படி போவுதுன்னு பாத்துட்டு வரேன். எங்கியும் போகாத” என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

அந்த டோக்கன் எனக்குப் பழக்கம். சுரங்கம் நடந்த காலத்தில் ஒரு நாள் அவர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா அதை என் கையில் திணித்து, ஓடு ஓடு என்று விரட்டினாள். கேட் வாசலில் எல்லாரும் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நைனா மட்டும் ஓரமாக நின்றிருந்தார். டோக்கன் இல்லாத ஆளை இறங்க விட மாட்டார்கள். நான் மூச்சிரைக்கப் போய்க் கொடுத்த பிறகுதான் விட்டார்கள்.

ஆகவே எனக்குச் செய்ய வேண்டியது தெரிந்துவிட்டது. டோக்கன் இல்லாவிட்டால் துபாய் கேட்டில் மட்டும் எப்படி விடுவார்கள்? சட்டைப் பையில் கைவிட்டு எடுத்தேன். சுவரில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, முழங்கை வரை உள்ளே விட்டுத் தள்ளினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளும்போது மேலேயிருந்து சரசரவென்று தூள் சரிந்தது. நான் கத்தக்கூட இல்லை. நைனா எப்படி இறங்கினார் என்று தெரியாது, என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டார். நான் நின்றிருந்த இடத்தில் இடுப்பளவு தூள் குவிந்திருந்தது.

“இன்னா பண்ணினு இருந்த?”

“ஒண்ணுமில்ல நைனா.”

அவர் சரிந்த இடத்தைப் பார்த்தார். முழங்கை வரை வெளுத்திருந்த என் வலது கையைப் பார்த்தார். பிறகு சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். பையைத் தொட்ட கை ஒரு நொடி அங்கேயே நின்றது. அடிப்பார் என்று நினைத்தேன். என் தலையில் இருந்த தூளைத் தட்டிவிட்டு, “வா, பசிக்குது” என்றார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் கை கழுவிச் சாப்பிட்டோம். திரும்பி வரும் வழி முழுக்க அவர் பேசவில்லை. காரியம் முடிந்த திருப்தியில் நானும் பேசவில்லை.

புதன்கிழமை காலையில் கிளம்பினார். செருப்பு மாட்டும்போது சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு அம்மாவிடம், “டோக்கன் மேலதான் கீது. ஆளு வந்துடுவான்” என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். நான் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினேன். எப்படியும் சாயங்காலம் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்று முழுக்க வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் உட்கார்ந்தேன்.

இறங்கும்போது கொடுக்கும் டோக்கனை மேலே ஒரு பலகையில் மாட்டி வைப்பார்கள் என்பதும், ஏறி வந்தவன் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வான் என்பதும் எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. பலகையில் ஒரு டோக்கன் தொங்கினாலும் கீழே ஆள் இருக்கிறது, மேலே ஒருவர் காத்திருக்க வேண்டும். நைனாவைத் தடுத்ததாக நினைத்து நான் அவரை முறைப்படி இறக்கிவிட்டிருந்தேன்.

பன்னிரண்டு வருஷம் அங்கே இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாதம் வருவார். வரும்போதெல்லாம் எனக்கு ஒரு அளவு சிறியதாகவே சுடிதார் வாங்கிவருவார். டோக்கனைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குள் எத்தனையோ மழை பெய்து அந்தச் சந்தே இல்லாமல் போயிருந்தது. ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது நான் பெங்களூருக்கு விடிகாலை ரயில் பிடிக்க ஆரம்பித்திருந்தேன். நைனா இறந்து இப்போது நான்கு வருஷம்.

அந்தப் பாலைவனப் படங்களைப் பார்த்த அன்று நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா பிதுக்கம்பருப்புக் குழம்புக்காக ஊறிய அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். இந்த வருஷமும் குளிர் இல்லை, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பிதுக்கியபடி முதல் முறையாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் எடுத்தேன் என்றேன்.

“தெரியும்” என்றாள். “உனக்குக் குடுக்கத்தான் அத எடுத்துனு போனாரு. இன்னா சொல்லிக் குடுக்கறதுன்னு ரெண்டு நாளா தனக்குத்தானே பேசினு இருந்தாரு.”

“இன்னா சொல்றதா இருந்தாரு?”

“உங்கிட்ட சொல்ல வேண்டியது எனக்கு எப்படித் தெரியும்? எடுத்துக்கினாளே, இனிமே இன்னாத்தச் சொல்றதுன்னாரு. அவ்ளோதான்.”

நான் பிதுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் வழி பார்க்க ஏறவில்லை. அந்தச் சந்தில் வழி ஒன்றுதான், அது அவருக்குத் தெரியும். மேலே வெயிலில் வெற்று உடம்போடு நின்று அந்த வார்த்தைகளை ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். கீழே நான், அவர் இறங்கி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, முழங்கை வரை கையை விட்டு அவசர அவசரமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.