அண்ணன் கொண்டுவந்த மண்

மண் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குச் சல்லடைக்காரி என்று பெயர். வருகிற மண்ணை நிழலில் உலர்த்தி, மரச்சுத்தியலால் தட்டி, சலித்து, டப்பாவில் போட்டு எண் ஒட்டுவாள். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களைக் கரையேற்றியது அந்தச் சல்லடைதான். மண்ணைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும், வாய் திறக்கமாட்டாள். சொல்வது மெஷின் வேலை.

அண்ணன் வயலில் மூன்று போகமாக நெல் மஞ்சளடித்து நின்றது. ஆழ்குழாய்த் தண்ணீர் கரித்தது. காய்ந்த பாத்தியில் வெள்ளையாக உப்புப் பூத்தது. ஒரு வருடம் நெல்லை விட்டு, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால்தான் மண் தேறும் என்றாள் அண்ணி. நெல்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான் அண்ணன். வீட்டில் இருந்தது ஒரு விதைப்புக்கான விதை. அதுவும் கருகினால் வயலைப் போட்டுவிட்டு இருவரும் கூலிக்குப் போகவேண்டியதுதான்.

அண்ணியின் வாயை அடைக்க அவன் பரிசோதனைக்கூடத்துக்கு மண் கொண்டுவந்தான். அரைக் கிலோ போதும் என்ற இடத்தில் ஒரு பை நிறைய, ஐந்து கிலோ. கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. நடுவில் ஒரு மண்புழு.

"எங்க எடுத்தே?"

"நம்ம வயல்லதான்."

"வயல்ல முட்டை ஓடு எப்படி வந்துச்சு?"

"காக்கா போட்டிருக்கும்."

"பாத்திரம் கழுவுற இடத்துக்குப் பின்னாடி எடுத்திருக்கே. சர்க்கரை டெஸ்ட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மூத்திரத்தையா குடுப்பேண்ணே?"

"வாய் மட்டும் குறையல உனக்கு. எழுதிக் குடும்மா, உங்க அண்ணிக்குக் காட்டணும்."

"அண்ணிய ஏமாத்திரலாம். விதையை?"

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு அவளே வயலுக்குப் போனாள். பத்து இடத்தில் சாண் ஆழம் வெட்டி, கலந்து, அரைக் கிலோ எடுத்தாள். நான்காம் நாள் முடிவு வந்தது. நெல் தாங்கும் அளவைப்போல இரண்டு மடங்கு உப்பு.

"மெஷின் கோளாறா இருக்கும்," என்றான் அண்ணன்.

"காலையிலதான் சரிபார்த்தாங்க. இந்தா உன் பை. எடுத்த இடத்துலயே போடு."

அவன் அதை வயல் நடுவே கொட்டிவிட்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தக்கைப்பூண்டு விதைத்தான். விதைநெல் வீட்டில் சோறானது. தக்கைப்பூண்டும் முழங்காலுக்கு மேல் வரவில்லை. மண் கொட்டிய இடத்தில் மட்டும், ஒரு கூடை அகலத்துக்கு, நெஞ்சளவு நின்றது. எல்லாவற்றையும் சேர்த்து மடக்கி உழுதார்கள்.

அடுத்த வருடம் அவள் மண் எடுக்கப் போனபோது, அண்ணன் நேராக அந்த இடத்துக்குக் கூட்டிப்போனான்.

"இங்க ஒண்ணு எடு."

அதை விட்டுவிட்டு மற்ற பத்து இடங்களில் எடுத்தாள். உப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. நெல்லுக்குப் போதாது. இன்னொரு வருடம் தக்கைப்பூண்டு என்றாள் அண்ணி. இந்தத் தடவை விதை வாங்க அவனே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.