தம்பியின் வெள்ளைச் சோறு

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது எட்டு. தங்கை விட்டுப்போன இரண்டையும், தாயில்லாமல் நின்ற பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து எட்டு. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் என் கையால் சாப்பிட்டவர்களில் முகம் சுளித்தவர் ஒருவரும் இல்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஒன்பதாவதாக ஒருவன் உண்டு. அவனை நான் சேர்த்துச் சொல்வதில்லை. யாராவது கேட்டால், தம்பி சின்ன வயதில் காய்ச்சலில் போய்விட்டான் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

இன்று காலை என் பேத்தி அரைக் கிலோ பால் சுறா வாங்கி வந்தாள். அவளுடைய மகனுக்கு ஐந்து வயது. வெள்ளை இட்லி, ஒரே ஒரு வகை பிஸ்கட், இவை தவிர வேறெதுவும் அவன் வாயில் வைப்பதில்லை. இட்லி மேல் ஒரு சொட்டு சட்னி தெறித்தாலும் தட்டு நகர்ந்துவிடும். ஆட்டிசம் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறார். உடம்பில் ரத்தம் குறைவாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். அதற்காக, சுறாவை வேக வைத்து உதிர்த்து இட்லி மாவில் கலந்துவிடலாம் என்று அவளுடைய மாமியார் போனில் சொன்னாளாம்.

"அவன் கண்ணுல படாம கலந்தா இன்னா ஆயா? உடம்புல ஏறினா போதும். நீ எட்டு புள்ள வளத்தவ, நீயே சொல்லு" என்று கேட்டாள்.

மீனை உள்ளே வை, சாயங்காலம் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். பிறகு பிள்ளையின் பென்சிலையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு வரி எழுதக் கால் மணி நேரம் ஆகிறது. ஆகட்டும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போவார். அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டைத் தெருக்களில் மீன் விற்கப் போவாள். தம்பியைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தினார்கள். அவனுக்குப் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். யார் முகத்தையும் பார்க்க மாட்டான். கரையில் கவிழ்த்துப் போட்ட படகில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை நிற்பான். உள்ளே அவனுக்கு என்ன கேட்டதோ, நானும் காதை வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவன் தின்றது ஒன்றே ஒன்றுதான். வெறும் சோறு. குழம்பு கூடாது, மோர் கூடாது, உப்புக்கூடக் கூடாது. நீல விளிம்பு போட்ட பீங்கான் தட்டில், ஆறி, வெள்ளையாக இருக்க வேண்டும். ரேஷன் அரிசியில் கறுப்பு அரிசி நிறைய வரும். அதில் ஒன்று தட்டில் கிடந்தாலும் எழுந்து போய்விடுவான். அதனால் அம்மா தினமும் விளக்கேற்றும் நேரத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கறுப்பு அரிசியைப் பொறுக்குவாள். மீன் வாசனை அடித்தால் குமட்டுவான் என்று, அவனைத் தொடும் முன் சாம்பல் போட்டுக் கை கழுவுவாள். மீன்காரியின் கையில் இருந்து மீன் வாசனையை எடுப்பது லேசான வேலையா?

குழாயடியில் எங்களுக்கு இது பெரிய தலைகுனிவு. நான் குடத்தோடு போனதுமே யாராவது ஆரம்பிப்பார்கள். "இன்னாடி, உங்க வூட்டு அய்யரு சாப்ட்டாரா?" என்பாள் ஒருத்தி. மீன்காரி வீட்டில் இவன் எப்படிப் பொறந்தான் என்று இன்னொருத்தி சிரிப்பாள். எனக்கு அப்போதே ரோஷம் அதிகம். ஒருநாள் இவனை மீன் தின்ன வைத்து இவர்கள் வாயை அடைக்கிறேன் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அதற்குச் சுறாதான் சரியென்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஆட்களுக்குப் பால் சுறா மீனில் சேர்த்தியே இல்லை, மருந்து. பிள்ளை பெற்றவளுக்கு முதலில் கொடுப்பது சுறாப் புட்டு. முள் கிடையாது. வெந்தால் வெள்ளையாக உதிரும். இது ஒத்துக்கொள்ளாத வயிறு உலகத்திலேயே இல்லை என்று பேசிப் பேசி வளர்ந்த வீடு எங்களுடையது. ஒருநாள் விற்காமல் மிஞ்சிய சின்னச் சுறா ஒன்றை அம்மா வீட்டில் போட்டுவிட்டுப் போனாள். நான் அதை மஞ்சள் போடாமல் வேக வைத்தேன். தோலை உரித்தேன். சதையை மூன்று தண்ணீரில் அலசி, துணியில் பிழிந்து, பொடியாக உதிர்த்தேன். சோற்றோடு பிசைந்ததும் எது சோறு எது மீன் என்று எனக்கே தெரியவில்லை.

முதல் நாள் ஒரு சிட்டிகைதான் கலந்தேன். தின்றான். மீதியைத் தண்ணீரில் போட்டு, கெடாமல் இருக்க இரவில் ஒரு கொதி விட்டு மூடி வைத்து, மறுநாள் இரண்டு சிட்டிகை கலந்தேன். கொஞ்சம் நிறுத்தி நிறுத்தித் தின்றான், ஆனால் தின்றுவிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லாமல் நேராகக் குழாயடிக்குப் போய், நாளைக்கு மதியம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து பாருங்கள், எங்கள் அய்யர் சுறா தின்பதைக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் நான்கு பெண்கள் வந்து நின்றார்கள். பார்ப்பவர்கள் நம்ப வேண்டுமே என்று ஒரு கைப்பிடி கலந்தேன். தம்பி முதல் வாயை வாங்கினான். மெல்லுவதை நிறுத்தினான். நாக்கில் இருந்து ஒரு துணுக்கை விரலால் எடுத்தான், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதைத் தட்டின் நீல விளிம்பில் வைத்தான். பிறகு என்னைப் பார்த்தான். முகத்தை இல்லை, என் வலது கையை. சோறு பிசைந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். "உன் அய்யரு உன்னயே கண்டுபுட்சிட்டாரு, போடி" என்றாள் ஒருத்தி.

அன்றோடு அவன் சோற்றை விட்டான்.

என்னிடம் மட்டும் இல்லை, அம்மாவிடமும்தான். தட்டைப் பார்த்தாலே சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டான். புதுத் தட்டு வாங்கினார்கள், புதுப் பானையில் வடித்தார்கள். அத்தை, "ரெண்டு நாள் காயப் போடு அண்ணி, தானா துன்னுவான்" என்றாள். இரண்டு நாள் காயப் போட்டார்கள். அவன் தண்ணீர் மட்டும் குடித்தான், பிறகு அதையும் குறைத்தான். அப்பா காலைப் பிடித்துக்கொள்ள, அத்தை மூக்கைப் பிடிக்க, அம்மா அழுதுகொண்டே கஞ்சி ஊற்றினாள். எல்லாம் வெளியே வந்தது. தர்காவில் ஓதி ஊதினார்கள், மாதா கோயில் எண்ணெய் தடவினார்கள், அம்மன் கோயில் திருநீறு பூசினார்கள். ராயபுரத்தில் சாமிகளுக்குக் குறைவில்லை. மழை பிடித்துக்கொண்டது, காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில், காய்ச்சலைத் தாங்க இவன் உடம்பில் ஒன்றுமே இல்லையே, என்னம்மா போட்டு வளர்த்தீர்கள் என்று கேட்டார்கள்.

அம்மா தினமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "கறுப்பு அரிசி ஒண்ணு வுட்டுட்டேன் போலகீது. அதான் புள்ள பயந்துட்டான்." பொறுக்கிய அரிசியையே மறுபடி முறத்தில் கொட்டிப் பொறுக்குவாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. குழாயடிப் பெண்களும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவன் போன பிறகு படையல் வைத்தார்கள். எங்கள் வழக்கப்படி மீன் குழம்பு, வறுவல், கருவாடு எல்லாம் இலையில் இருந்தன. நான் மட்டும் பின்பக்கம் போய்ச் சாம்பலால் மூன்று தடவை கை கழுவி, நீல விளிம்புத் தட்டில் வெறும் சோறு கொண்டுவந்து ஓரமாக வைத்தேன். காக்கை மீனைத் தூக்கிக்கொண்டு போனது. சோற்றைத் தொடவில்லை. எனக்கு அவன் மேல் பொல்லாத கோபம் வந்தது. இத்தனை செய்தும் இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறானே என்று. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. பிடிவாதம் என்றும், என்னைப் பழிவாங்குகிறான் என்றும் எத்தனையோ வருஷம் நினைத்திருந்தேன். அம்மா சாகும்வரை அரிசி பொறுக்கினாள். வீட்டில் யாரும் கறுப்பு அரிசிக்கு முகம் சுளிக்காத காலத்திலும் பொறுக்கினாள்.

போன மாதம் பேத்தியோடு, அவள் பிள்ளையைக் கூட்டிப்போகும் பயிற்சி நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். அங்கே சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித்தரும் பெண் என் கடைசி மகள் வயதுதான் இருப்பாள். புதியதைத் தனித் தட்டில் தள்ளி வையுங்கள், தொட்டாலும் தொடாவிட்டாலும் விடுங்கள், மாதக்கணக்கில் ஆகும், அதுவரை டாக்டர் கொடுத்த மருந்தை விடாதீர்கள் என்றாள். அப்புறம் சொன்னாள்: "தெரியாம மட்டும் கலந்துடாதீங்க. கண்டுபிடிச்சா, இப்ப தின்றதையும் விட்டுடுவான். அது பிடிவாதம் இல்லம்மா, பயம். அவன் நம்பறது அந்த ஒண்ணத்தான்."

எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டேன். வெயிலில் வந்ததால் என்று பேத்தி நினைத்தாள். அவன் நம்பியது அந்த ஒன்றை மட்டும் இல்லை, அதைப் பிசைந்து கொடுத்த கையையும்தான். அது எனக்கு ஒன்பது வயதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ள எழுபத்தாறு ஆகியிருக்கிறது. தெரிந்து என்ன செய்ய? அம்மாவும் இல்லை, போய்ச் சொல்லி அழுவதற்கு.

கண்ணு, அந்தப் பெண் சொன்னதை நீயும் கேட்டாய். பிள்ளை இளைத்துக்கொண்டே போவதைப் பார்க்கிறவளுக்கு மாதக்கணக்கு என்பது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். இந்த வழியில் அவன் தேறுவான் என்றும் என்னால் சொல்ல முடியாது. எட்டு வளர்த்தவளுக்கும் தெரியாது. மற்ற வழி எங்கே போகும் என்பது மட்டும்தான் தெரியும்.

அடுப்பை அணைத்துவிட்டு வா. மீன் கிடக்கட்டும், குழம்பு வைத்து நாம் இரண்டு பேரும் தின்னலாம். இந்த நோட்டை எடுத்து, முதல் வரியில் இருந்து சத்தமாகப் படி. நான் வாயால் யாரிடமும் சொன்னதில்லை, என் காதும் இதைக் கேட்டதில்லை. அவன் என் கையைப் பார்த்தான் என்று எழுதியிருக்கும் இடம் வந்தால், அதை இன்னொரு தடவை படி.