சனிக்கு நேரே

ஆர்.எஸ்.புரத்துப் பல் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது ஏ.சி.யைப் போட்டார்கள். ஈரக் கம்பளத்தின் பூஞ்சை நாற்றம் மூக்கில் ஏறியது. பின்னாளில் இடித்துக் கார் நிறுத்துமிடமாக்கிவிட்ட எங்கள் பழைய கோளரங்கத்தின் அதே நாற்றம்.

ஆண்டுக்கொரு முறை இலவசக் காட்சிக்குப் பள்ளியிலிருந்து கூட்டிப்போவார்கள். எண்ணெய்த் தலைகள் சாய்ந்து சாய்ந்து பிசுபிசுத்த நாற்காலி, பஸ்ஸில் யாரோ எடுத்து யாருடைய பாவாடையிலோ ஒட்டிக்கொண்டு வந்த வாந்தியின் புளிப்பு, கரகரக்கும் ஒலிபெருக்கி, அத்தனையையும் வளையத்தோடு வரப்போகும் சனிக்கிரகத்துக்காகச் சகித்துக்கொண்டு அண்ணாந்து கிடப்பேன்.

அது வரும் நேரம் பார்த்து அறிவியல் டீச்சர் இருட்டில் எழுந்து நிற்பார்.

"கண்ணுகளா, சனிய நேருக்கு நேர் பாக்கக்கூடாது. கண்ண மூடிக்கங்க."

வகுப்பு மொத்தமும் மூடிக்கொள்ளும். சிலர் கும்பிடவும் செய்வார்கள். ஐந்து வருடமும் நான் அங்கே கண்ட சனி என் இமையின் உட்புற இருட்டுதான்.

பக்கத்திலிருந்த மகள் தன் புத்தகத்தை விரித்து நீட்டினாள். "அம்மா, சனியப் பாருங்க, வளையமெல்லாம் எத்தன அழகா இருக்குது."

நானும் இன்று ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். படத்தைப் பார்த்தேன், முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு.