பல்செட் இல்லாமல் தின்ற ஆரஞ்சு

என் வீட்டுக்காரருக்கு மலச்சிக்கல். ஆரஞ்சைச் சுளையாகத் தின்னட்டும், நார்ச்சத்து நல்லது என்றார் டாக்டர். இவரோ சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பினார்.

"துப்பாதீங்க, அதுலதான் சத்து இருக்கு" என்று விரட்டினேன்.

ஈறில் உரசுகிறது என்று பல்செட்டைக் கழற்றி வைத்திருந்தவர், மெல்ல முடியாமல் சுளைகளை அப்படியே விழுங்கிவிட்டார்.

மறுநாள் வயிறு வீங்கியது. வாந்தி நிற்கவில்லை. "ஏட்டி, தாங்க முடியல்ல, ஏதாவது செய்யேன்" என்று என் கையைப் பிடித்தார். இரணியலிலிருந்து நாகர்கோவில் ஆஸ்பத்திரி வரைக்கும் ஆட்டோவில் அவர் முதுகைத் தடவிக்கொண்டே போனேன். குடலை அடைத்திருந்த சுளைகளை ஆப்பரேஷன் செய்துதான் எடுத்தார்கள்.

இப்போதும் ஆரஞ்சு கொடுக்கிறேன். பல்செட்டைச் சரிசெய்து மாட்டியாயிற்று. சுளையைப் பொடியாக நறுக்கி, கூடவே தண்ணீரும் வைப்பேன்.

"வாயைத் தொறந்து காட்டுங்க."

"நான் என்ன கொச்சுப் பிள்ளையா?"

நன்றாக மென்றதைக் காட்டிய பிறகுதான் அடுத்த துண்டு கொடுப்பேன்.