வேடிக்கை மேடம்

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் வேலை பார்ப்பார்கள். அவர் மட்டும் அவர்கள் வேலை பார்ப்பதைப் பார்ப்பார். அதற்குப் பட்டம் வேறு வாங்கியிருந்தார். ஒரு விஷயத்தை 'இது உண்மை' என்று விஞ்ஞானிகள் எப்படி முடிவு கட்டுகிறார்கள் என்று கூடவே இருந்து கவனிக்கிற சமூகவியலாளர். பெற்ற அம்மாவுக்கே அது விளங்கவில்லை. "அடுத்தவங்க வேலையை வேடிக்கை பார்க்கச் சம்பளமா? கொடுத்து வச்சவடி நீ!" என்பார். கூடத்திலும் 'வேடிக்கை மேடம்' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்தார். சும்மாவா? யார் எந்த அளவைப் பார்த்து முகம் சுளிக்கிறார், எதைத் தூக்கிக் குப்பையில் போடுகிறார், சாப்பாட்டு நேரத்தில் என்ன சண்டை, ஒன்று விடமாட்டார். சின்னப் பிள்ளை மாதிரி "இது ஏன்? அது ஏன்?" என்று நச்சரிப்பார். அடேயப்பா, என்ன பொறுமை!

அப்போதுதான் இடி விழுந்தது. அங்கே வளர்த்த புது மருந்துப் படிகம் வேறெந்தக் கூடத்திலும் வளரவில்லை. எழுதிக் கொடுத்த செய்முறையை வரி பிசகாமல் செய்தும் வெறும் கரைசல்தான் மிச்சம். ஏமாத்து வேலை என்று பேச்சு கிளம்பி, விசாரணைக் குழுவே வந்துவிட்டது. பொய் என்று முடிவானால் இயக்குநரின் ஆயுசு உழைப்பும் போச்சு, கூடத்துக்கும் பூட்டு.

இயக்குநர் மேடத்தைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் கண்ணால பார்த்தீங்களே. எங்க முடிவு உண்மைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அதைச் சொல்ல நான் யாரு சார்? பார்த்ததைச் சொல்றேன்."

"இப்படிக் கழுத்தறுக்கறீங்களே!" என்று கத்திவிட்டுப் போனார் மனிதர். ஆனாலும் மேடம் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

குழுவின் முன்னால் ஒரே ஒரு விஷயம் சொன்னார். "இங்க கண்ணாடிக் கிண்ணத்துக்குச் சோப்பு போட மாட்டாங்க. தண்ணில ஒரு அலசு, அவ்வளவுதான். கேட்டா, 'எப்பவும் அப்படித்தான்'னாங்க. செய்முறையில அது இல்ல. மத்தவங்க புதுக் கிண்ணத்துல செஞ்சிருக்காங்க."

இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். பாத்திரம் கழுவுவதைப் போய் யார் எழுதுவார்! பாலுக்கு உறை ஊற்றுவது போல, கிண்ணத்தில் ஒட்டியிருந்த பழைய படிகத்தின் துணுக்குதான் புதுசை வளர்த்திருக்கிறது. அலசிய கிண்ணம் ஒன்று எதிர்த்தரப்புக்குப் போனது. குற்றம் சொன்னவர்கள் கையாலேயே படிகம் வளர்ந்தது. கூடம் பிழைத்தது.

கிண்ணம் அலசுவதையும் சேர்த்துத் திருத்திய ஆய்வுக் கட்டுரையை இயக்குநரே எடுத்துக்கொண்டு வந்தார். எழுதியவர்கள் வரிசையில் மேடத்தின் பெயரும் இருந்தது. மேடம் பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்தார்.

"இன்னும் என்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல சார். பேரைப் போட்டுட்டா நான் உங்க ஆளு. நாளைக்கு நீங்க நிஜமாவே தப்புப் பண்ணும்போது நான் சொல்றதை யாரு நம்புவா?"

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப நாளைக்கும் வந்துடுங்க" என்றார்.