காய்ச்சலை ஒளித்து வைத்தவள்

சேரப்பணஞ்சேரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையில் எனக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரே மெத்தை, ஒரே தலையணை. ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நான் பகல் ஷிப்ட் போகிற வாரம் அவள் இரவு ஷிப்ட், அடுத்த வாரம் தலைகீழ். ஒருத்தி கம்பெனி பஸ் ஏறினால் இன்னொருத்தி இறங்கி வந்து படுப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பேரும் அறையில் இருப்போம், அன்றைக்கு யாராவது ஒருத்திக்குப் பாய்.

நான் செய்யாறு பக்கம். அவள் திருநெல்வேலிப் பெண், என்னைவிட ஒன்பது வயது சின்னவள். அவள் பேச்சு பூப்போல இருக்கும். என் வாயைப் பற்றி கம்பெனியில் எங்கள் லைனில் கேட்டால் சொல்வார்கள்.

அந்த மார்கழியில்தான் தலையணை நனைய ஆரம்பித்தது. நான் வந்து படுத்தால் ஈரம், மெத்தையில்கூட ஆள் படுத்த அளவுக்கு ஈரம். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள், அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடி இது, தலைக்கு ஊத்திக்கினா தொவட்ட மாட்டியா? அடுத்தவ வந்து படுக்கணும்னு நெனப்பே கெடையாதா?"

"தலைக்கு ஊத்தலக்கா. வேர்வை."

"மார்கழில இன்னாடி வேர்வ? யார் காதுல பூ சுத்தற?"

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். மறுநாளிலிருந்து மெத்தை காய்ந்து கிடந்தது. அவள் பாயில் பழைய நைட்டி ஒன்றை விரித்துப் படுத்து, அதைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அதற்குப் பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. சொறிந்துகொண்டே இருக்கிறாளே என்று மூட்டைப்பூச்சியைக் கொண்டுவந்துவிட்டாள் என்றேன். சுடிதார் தொளதொளவென்று ஆனபோது, யாருக்காக டயட் என்று கேலி செய்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்புதான். சாயங்காலமானால் அவளுக்குக் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. கம்பெனி கேட்டில் நெற்றிக்கு நேரே கருவியைக் காட்டிச் சூடு பார்ப்பார்கள், கூடுதலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் பஸ் ஏறுவதற்கு முன்பே ஒரு மாத்திரை போட்டுக்கொள்வாளாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவள் இரண்டு மாதம் மறைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலை பின்னிவிடும்போதுதான் கழுத்தில் கட்டியைப் பார்த்தேன். தோளெலும்புக்கு மேலே, பெரிய நெல்லிக்காய் அளவு. அமுக்கினால் வலிக்கவில்லை என்றாள். அதற்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு இருந்தன.

சென்னையில் பெரிய அரசு ஆஸ்பத்திரி. கட்டியிலிருந்து சதை எடுத்து அனுப்பி, முடிவு வர மூன்று வாரம். லிம்போமா, நிணநீர்ச் சுரப்பியில் வருகிற புற்றுநோய் என்றார் டாக்டரம்மா. அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. "கிருமியே இல்லன்னா ஜொரம் எப்படிம்மா வரும்? வேர்வ எப்படி வரும்?" என்று அவரிடமே சண்டைக்குப் போனேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்மா. வாயால இல்ல, சின்னச் சின்ன புரதத்தால. சைட்டோகைன்னு பேரு. 'கிருமி வந்திருக்கு, ஓடி வா', 'உடம்பைச் சூடாக்கு', 'போதும், நிறுத்து', எல்லாமே அதுங்க மூலமாத்தான். இந்த நோய்ல கெட்டுப்போன அணு கொஞ்சம்தான். ஆனா அது ஓயாம பொய்ச் சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். அந்தக் கட்டில இருக்கிறது முக்காவாசி அது கூப்பிட்டு வந்து நிக்கிற நல்ல அணுக்கள்தான். ஜுரம், வேர்வை, இளைச்சுப்போறது எல்லாம் அந்தச் சேதியால வர்றது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் லைனில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கும். பழுது வந்தால் இழுக்கவேண்டும். சிவப்பு விளக்கு எரியும், டெக்னீசியன் ஓடி வருவார், சூப்பர்வைசர் ஓடி வருவார். ஒன்றும் இல்லாமலே ஒருத்தி கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தால்? எல்லோரும் வந்து கூடி நிற்பார்கள், கூட்டத்துக்கு நடுவில் அந்தத் திருடி சொகுசாக உட்கார்ந்திருப்பாள். வந்து நிற்கிற நல்ல அணுக்களையும் அந்தக் கெட்ட அணு 'போதும், நிறுத்து' என்று சேதி அனுப்பிக் கையைக் கட்டிப் போட்டுவிடுமாம். என்ன அநியாயம். நோய் என்றால் எங்கிருந்தோ வருவது என்று நினைத்திருந்தேன். இது கூடவே இருந்து கழுத்தறுக்கிற வேலை.

குணமாக்கக்கூடிய வகைதான், பயப்படாதீர்கள் என்றார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மருந்து ஏற்றவேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார், விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "இந்த மருந்து நல்ல வெள்ளை அணுவையும் குறைக்கும். இதுவரைக்கும் வந்த ஜுரம் வேற, இனிமே வர்றது வேற. இனிமே வந்தா கிருமியா இருக்கலாம், எதிர்க்க ஆள் இருக்காது. மாத்திரை போட்டுக் குறைச்சுட்டு வீட்ல படுத்துக்கக் கூடாது. நூறு புள்ளி நாலு தாண்டினா நேரா இங்க வந்துடணும்."

படப்பையில் தெர்மாமீட்டர் வாங்கினேன். அவள் அம்மா ஊரிலிருந்து வந்து முதல் மருந்துக்குக் கூட இருந்துவிட்டு, அங்கே படுக்கையில் கிடக்கிற கணவரைப் பார்க்கத் திரும்பினாள். பஸ் ஏறும்போது என் இரண்டு கையையும் பிடித்து, "எம் பிள்ளைய பாத்துக்கிடும்மா" என்றாள். மெத்தையை முழுக்க அவளுக்கே விட்டுவிட்டேன்.

இரண்டாவது மருந்து ஏற்றி ஒன்பதாம் நாள். நான் பகல் ஷிப்ட் முடித்து வந்தபோது போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டு கிடந்தாள். தெர்மாமீட்டர் வைத்தால் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. "குளிருதுக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். கை ஜில்லென்று இருந்தது, உதடு வெளுத்திருந்தது. எனக்கு எதுவோ சரியாகப் படவில்லை. தலையணையைத் தூக்கினேன். மாத்திரை அட்டை கிடந்தது, நான்கு குழி காலி.

"எப்ப போட்ட?"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். காலையில் நான் கிளம்பியதிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறாள்.

ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவளுக்குப் பேச்சு குழறியது. ரத்தம் பார்த்தார்கள், வெள்ளை அணு இல்லை என்று சொல்லுமளவுக்குத்தான் இருந்தது. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். டாக்டரம்மா என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். வாய் நீளக்காரி நான், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். நாலு நாளும், பிழைப்பாளா மாட்டாளா என்று யாரும் சொல்லவில்லை. அவள் அம்மாவிடம் போனில் "நல்லாத்தான் கீறா" என்று பொய் சொன்னேன்.

ஐந்தாம் நாள் கண் திறந்து இட்லி கேட்டாள். அவளுக்கு ஊட்டிக்கொண்டே கேட்டேன், கோபத்தைக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டு. "உசுரு போற வெசயம்டி. ஏன் சொல்லல?"

வாயில் இருந்ததை விழுங்கினாள். "நீங்க ஏசுவியன்னு பயந்துட்டேங்கா. என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ லீவு இல்லன்னு சூப்பர்வைசர்ட்ட போன்ல சண்டை போட்டியல்லா. ஒங்ககிட்ட காச்சன்னு சொல்லவே எனக்கு வாய் வரல."

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. டாக்டரம்மா திட்டியபோது வராத அழுகை அப்போது வந்தது. அவளைக் காய்ச்சலை ஒளிக்கப் பழக்கியது கேட்டில் இருந்த கருவி மட்டும் இல்லை. அவள் உண்மையைச் சொன்ன முதல் நாளே, யார் காதில் பூ சுற்றுகிறாய் என்று கேட்டவள் நான். "இனிமே ஏச மாட்டேன்டி. எப்ப வந்தாலும் சொல்லு" என்றேன். சரி என்று தலையாட்டினாள். அவள் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது, நானும் என்னை அவ்வளவாக நம்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டிகள் கரைந்திருந்தன. ஆனாலும் மருந்து பாக்கி இருந்தது, ஒவ்வொரு மருந்துக்கும் பிறகு அந்தப் பத்து நாள் பயமும் இருந்தது. ஏழாவது மருந்துக்குப் பிறகு, ஒரு புதன்கிழமை பதினொரு மணி இருக்கும். எங்கள் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவசரத்துக்குச் சூப்பர்வைசர் நம்பரைத்தான் அவளிடம் கொடுத்திருந்தேன். அவர் லைனுக்கே வந்து போனை நீட்டினார்.

"எக்கா, காச்ச. நூத்தி ஒண்ணு. மாத்திரை போடல, ஆட்டோல ஏறிட்டேன். படப்பை தாண்டியாச்சு. நீங்க வருவியளா?"

ஒருத்திக்குக் காய்ச்சல் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டு அழுத பைத்தியக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வரேன்டி கண்ணு என்று சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, யாரிடமும் லீவு கேட்காமல் கேட்டை நோக்கி நடந்தேன்.