வால் முளைத்த சிவப்புப் புள்ளி

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது. நிறையப் பேருக்கு இது நேர்மாறாக இருக்கும். எனக்கு மட்டும் கோபம் ஏற ஏற மணிக்கட்டு இறுகி நின்றுவிடும். அந்தக் கையை நம்பித்தான் எழுபதுகளின் கடைசியில் துப்பாக்கி சுடப் பழகினேன். வாரமெல்லாம் செம்பவாங் கப்பல் பட்டறை ஆபீஸில் டைப் அடித்துவிட்டு, சனிக்கிழமை காலையில் கிளப்புக்குப் போய் இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் கருப்பு வட்டத்தைச் சுடுவதில் கிடைத்த நிம்மதி எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. கோயிலில்கூட இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்லியும் இருக்கிறேன்.

என்னைக் கிளப்பில் சேர்த்துவிட்டவர் என் கணவர். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார். அவர் கிளப்புக்குச் செயலாளர் வேறு. எங்களுக்கு எல்லாமே இரண்டு பேருக்கு ஒன்று. குடை ஒன்று, கோயிலில் பாட்டுப் புத்தகம் ஒன்று, கிளப்பில் பிஸ்டலும் ஒன்று. பிஸ்டல் வீட்டுக்கு வராது. கிளப்பின் ஆயுத அறையிலேயே பூட்டிக் கிடக்கும். சனிக்கிழமை அவர் முதலில் சுடுவார், அடுத்து நான். பார்க்கிறவர்கள் "நல்ல ஜோடி" என்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்!

வருஷத்துக்கு ஒரு முறை இன்னொரு கிளப்புடன் போட்டி. அணியில் நான்கு பேர். முதல் மூன்று இடத்தை யாராலும் அசைக்க முடியாது, அவ்வளவு நன்றாகச் சுடுகிறவர்கள். நான்காவது இடத்துக்கு எனக்கும் என் கணவருக்கும்தான் போட்டி. ஒவ்வொரு வருஷமும் தேர்வில் இரண்டு பாயிண்ட், நான்கு பாயிண்ட் என்று என்னைத் தாண்டிவிடுவார். நான் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டுவேன். பெண்கள் யாருமே அதுவரை அந்த அணியில் சுட்டதில்லை. எனக்கு அந்த நான்காவது இடம் வேண்டும். ஆசை என்று சொன்னால் போதாது, அது எனக்கு வெறியாகவே இருந்தது.

எண்பதுகளில் எங்கள் இருவருக்கும் நாற்பது தாண்டியது. பிஸ்டலின் பின்னால் இருக்கும் பள்ளத்தையும் முன்னால் இருக்கும் முனையையும் தூரத்து வட்டத்தையும் ஒரே கோட்டில் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த வயதில் கண் அதற்கு ஒத்துழைக்காது. முன்முனை பஞ்சு மாதிரி தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் ரெட் டாட் சைட் வந்திருந்தது. பிஸ்டலின் மேலே ஒரு சின்னக் குழாய். உள்ளே பேட்டரியில் எரியும் ஒரு சிவப்புப் புள்ளி. கோடு பிடிக்க வேண்டாம், புள்ளியைக் கொண்டுபோய் வட்டத்தில் வைத்தால் போதும். அந்த வருஷம் போட்டியிலும் அதை அனுமதித்துவிட்டார்கள். எங்கள் பிஸ்டலுக்கும் ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. பிஸ்டல் ஒன்று என்பதால் சைட்டும் ஒன்றுதான். இருவருக்கும் பிடித்ததாக இருக்க வேண்டும்.

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சீன வியாபாரி இரண்டு சைட்டுகளைக் கிளப்புக்குக் கொண்டுவந்து காட்டினார். என் கணவர் முதலில் எடுத்துப் பார்த்தார். "சின்னப் புள்ளி, சுத்தமா இருக்கு. இதையே வாங்கிடலாம்" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். புள்ளியா அது? தலைப்பிரட்டை! ஒரு குண்டுத் தலை, கீழே வலப்பக்கமாக ஒரு வால்.

"என்னங்க, இதுல வால் இருக்கு."

"வாலா? என்ன வால்? ரவுண்டா இருக்கு."

இரண்டாவதை எடுத்தேன். அதிலும் வால். வியாபாரி கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ரவுண்ட் லா, மேடம்" என்றார். அங்கே நின்றிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக வரிசையில் வந்து பார்த்தார்கள். ரவுண்ட், ரவுண்ட், ரவுண்ட். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஜாக்கெட் துணியில் நூல் பிசிறு இருக்கிறது என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்கும் பொம்பளையைப் பார்க்கிற பார்வை.

"மட்டமான சரக்கு. வேற கொண்டு வரச் சொல்லுங்க" என்றேன். அடுத்த வாரம் வியாபாரி பாவம், இன்னொன்று கொண்டுவந்தார். அதிலும் வால்தான். நான் சத்தம் போட்டேன், என் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது எனத் தெரியாமல் தமிழிலேயே கேட்டேன். என் கணவர் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "உனக்கு எதுலதான் குறை தெரியல, சொல்லு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆயுத அறையைப் பார்த்துக்கொண்டவர் ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்த ஒரு தமிழர், என்னைவிட இளையவர். அவர் மட்டும்தான் சிரிக்கவில்லை. சைட்டைக் கையில் எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "அக்கா, வாலையே பாத்துக்கிட்டு இருங்க. நான் குழாயத் திருப்புறேன். குழாயோட வாலும் சுத்துச்சுன்னா குறை குழாயில."

அவர் மெல்லத் திருப்பினார். குழாய் முழுச் சுற்றும் சுற்றி வந்தது. வால் நகரவில்லை. அதே கீழ் வலப்பக்கம், அசையாமல் நின்றது.

"அப்ப குறை கண்ணுலக்கா. கடைசியா எப்பக் கண்ணு செக் பண்ணீங்க?"

போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். நான் செக் பண்ணியதே இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்பு எனக்கும் என் கணவருக்கும் பஸ் நம்பர் மங்க ஆரம்பித்தது. சிராங்கூன் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். அவர் உட்கார்ந்து எழுத்துப் பலகையைப் படித்தார். கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அவர் எழுந்து, "அதே பவர்ல ரெண்டா போட்டுருங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் மங்குது" என்றார். கோயிலில் ஒரே பாட்டுப் புத்தகத்தை ஒரே தூரத்தில் பிடித்துப் படிக்கிறவர்கள் இல்லையா! நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். பெண்கள் ஃபிரேம் எது, பூப் போட்டதா, போடாததா என்பதுதான் அன்றைக்கு எனக்குக் கவலை. அந்தத் தலையை நினைத்தால் இன்றைக்கும் ஓங்கி ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு வந்த தலைவலிகளுக்கெல்லாம் டைப்ரைட்டர் மேல் பழி போட்டேன்.

சார்ஜெண்ட் கேட்ட அன்று மாலையே நானும் என் கணவரும் அதே கடைக்குப் போனோம். இந்த முறை நான் உட்கார்ந்தேன். பரிசோதித்தவர் என் பழைய கண்ணாடியை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது உங்க கண்ணாடியே இல்லையே" என்றார். என் கண்ணின் வளைவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதாம், அதனால்தான் புள்ளி இழுபட்டு வால் விடுகிறதாம். தனியாக லென்ஸ் செய்ய வேண்டும், வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும். தேர்வு அதற்கு முந்தைய சனிக்கிழமை.

பஸ்ஸில் என் கணவரிடம் கேட்டேன். "தேர்வ ஒரு வாரம் தள்ளி வைங்க. போட்டிக்குத்தான் அதுக்கப்புறமும் ஒரு வாரம் இருக்குல்ல."

"ரூல்னா ரூல்தான். செயலாளர் சொந்தப் பொண்டாட்டிக்காகத் தள்ளி வெச்சான்னு நாலு பேர் பேச மாட்டாங்களா?"

"உங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஆறு வருஷம் சுட்டிருக்கேன். அத நாலு பேர் பேச மாட்டாங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் சொன்ன சைட்டையே வாங்கினோம். தேர்வில் ஆளுக்கு முப்பது தோட்டா. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாலை மறந்துவிட்டுத் தலையை மட்டும் வட்டத்தில் வைத்துச் சுட்டேன். மூன்று பாயிண்ட்டில் தோற்றேன். அறிவிப்புப் பலகையில் நான்காவது பெயராகத் தன் பெயரை அவரே தன் கையால் எழுதினார். யாராவது விலகினால் அடுத்து வந்தவர் போகலாம் என்பதும் அதே ரூல் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதை அவர் வாயால் சொல்வாரா என்று வாரம் முழுக்கக் காத்திருந்தேன். சோறு போட்டேன், சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. மனுஷன் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கண்ணாடி வந்தது. கடை வாசலில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். எதிர்க் கடையில் தொங்கிய மாலைகளில் ஒவ்வொரு பூவும் தனித்தனியாகத் தெரிந்தது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. ஆறு வருஷம், மாதாவே!

மறுநாள் கிளப்பில் பிஸ்டலை எடுத்தேன். புள்ளி ஒரு குந்துமணி போல உருண்டையாக நின்றது. முப்பது சுட்டேன். தேர்வில் அவர் எடுத்ததைவிட ஏழு பாயிண்ட் கூட. சார்ஜெண்ட் தம்பி அட்டையைப் பார்த்து விசிலடித்தார். நான் என் கணவரைக் கூப்பிட்டேன்.

"இங்க வாங்க. என் கண்ணாடியப் போட்டுக்கிட்டு இதுல பாருங்க."

"எதுக்கு?"

"பாருங்கன்னு சொல்றேன்ல."

என் குரலைக் கேட்டு மற்றவர்களும் திரும்பினார்கள். பூப் போட்ட ஃபிரேம் அவர் மூக்கில் கோணலாக உட்கார்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவர் பார்த்தார். கையை இறக்கினார். மறுபடியும் தூக்கிப் பார்த்தார்.

"வால் இருக்கு" என்றார், யாருக்கும் கேட்காத மாதிரி.

"சத்தமாச் சொல்லுங்க."

"வால் இருக்கு."

"கழட்டாதீங்க. பத்துச் சுடுங்க."

அவர் சுட்டார். பத்தில் மூன்று கருப்பு வட்டத்துக்கே வெளியே போயிருந்தன. சார்ஜெண்ட் தம்பி எண்ணிப் பார்த்துவிட்டுத் தொகையைச் சொல்லாமல் அட்டையை மேஜையில் வைத்தார். "இந்த வாலோடதான் தேர்வுல முப்பது சுட்டேன். தோத்தது மூணே பாயிண்ட்ல" என்றேன். என் கை துளியும் நடுங்கவில்லை.

அவர் என் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து என்னிடம் கொடுத்தார். அறிவிப்புப் பலகைக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்.

எங்கள் வீடு இருக்கும் ஈசூனுக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "ஒரு தேங்க்ஸ் சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

"எதுக்கு? என் இடத்த எனக்குக் குடுத்ததுக்கா? இல்ல, ஆறு வருஷம் என்னை உங்க கண்ணால பாக்க வெச்சதுக்கா?"

 எங்கள் அடுக்குமாடி புளோக் நெருங்கியதும் நான் எழுந்து மணியை அடித்தேன்.